அளவுச் செயின்

பயம் வந்தால் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு “ஈரக்கொல ஆடிப்போச்சு”. நெஞ்சைக் கல்பு என்கிற கறிக்கடை பாய்க்கு “கல்பு கைக்கு வந்துடுச்சு”. என் வீட்டுக்காரருக்கு “வவுத்துல புளி கரைக்குது”. இதையெல்லாம் கேட்டு, சிரித்து, மனசில் சேர்த்து வைத்துக்கொள்வது என் பழக்கம். எனக்கென்று ஒரு சொல் அதுவரை தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவைப்பட்டது. வாய் காய்ந்துபோனதுதான் மிச்சம், சொல் வரவில்லை.

நான் செங்கல்பட்டில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். தையலை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பழைய ஜாக்கெட்டுகளைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்தத் துணிச்சலில்தான் சைக்கிளையும் பிரித்தேன்.

என் வீட்டுக்காரர் நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவர் விடவில்லை.

“நடந்தா போரடிக்குது டாக்டர். நாய் வேற தொரத்துது.”

“அப்ப சைக்கிள் ஓட்டுங்க” என்றார் அவர், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டே.

சொல்லி வைத்தாற்போல அந்த மாதமே, குடியிருப்பைக் காலி செய்துவிட்டு வெளிநாடு கிளம்பிய ஒரு கம்ப்யூட்டர் வேலைக்காரர் தன் மஞ்சள் சைக்கிளை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். விரல் கனத்துக்கு டயர். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். பிரேக் பிடிக்கிற கைப்பிடியிலேயே கியரும் இருந்தது. ரேஸ் ஓட்டுகிறவர்களின் வண்டி.

என் வீட்டுக்காரரோ தொண்ணூறு கிலோ. முட்டியில் வலி. சமதரையில் ராஜா மாதிரி போவார். ரயில்வே மேம்பாலம் வந்தால் இறங்கிவிடுவார். “இது சைக்கிள் ஓட்றதா, சைக்கிளைக் கூட்டிகினு வாக்கிங் போறதா?” என்று நான் கேலி செய்தேன். அவர் சிரித்தார், ஆனால் முகம் தொங்கிப்போயிருந்தது. அன்று ராத்திரியே போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன்.

கேட்டால் கணக்கு சுலபம்தான். பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கின்றன. அந்த அடுக்குக்கு ‘கேசட்’ என்று பெயர். (“கேசட்டா? பாட்டு வருமா?” என்று கேட்டார் இவர்.) பெரிய பல்சக்கரத்தில் செயின் ஏறினால் மிதிப்பது லேசு. இந்த ரேஸ் வண்டியில் இருந்த பெரியதற்கே இருபத்தைந்து பல்தான். மலையில் ஓட்டுகிற சைக்கிள்களில் முப்பத்தாறு பல் வரை வரும். மலை வண்டியின் கேசட்டை எடுத்து ரேஸ் வண்டியில் மாட்டிவிட்டால் என் மனுஷன் பாலத்தில் இறங்க வேண்டியதில்லை.

பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தார். “சேராதும்மா. வேற வேற கம்பெனி, வேற வேற ஜாதி வண்டி. ஒத்துக்காது.”

“நான் சர்ச்சுக்குப் போறவ, அவரு கோயிலுக்குப் போறவரு. இருபது வருஷமா ஒத்துகினு தான கீறோம் அண்ணா.”

“நீங்க சண்ட போட்டா சத்தம்தான் வரும். இது சண்ட போட்டா பல்லு போயிடும்” என்றார். அந்தப் பேச்சையும் மனசில் சேர்த்துக்கொண்டேன். அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் வீடியோவே கதியாகக் கிடந்தேன். செயினை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தள்ளுகிற சாமான் ஒன்று பின்சக்கரத்தின் கீழே தொங்கும், டீரெய்லர் என்பார்கள். ரேஸ் வண்டியின் டீரெய்லருக்கு முப்பத்தாறு பல் எட்டாது. அதனால் மலை வண்டியின் டீரெய்லர் வேண்டும். கைப்பிடியில் பத்து கியர், அதனால் பத்து கியர் டீரெய்லர்தான் சரி என்று யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஒன்றை வாங்கி மாட்டி ஏமாந்தேன். ஒரு கிளிக் அழுத்தினால் செயின் பாதி வழியில் நின்று கறகறவென்று அரைத்தது. அந்தக் கைப்பிடி இழுக்கிற கம்பியின் அளவு அதற்குப் போதவில்லை. ஒன்பது கியர் மலை வண்டியின் பழைய டீரெய்லர் என்றால் அதே இழுப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. பத்துக்குப் பத்து சேராது, பத்துக்கு ஒன்பது சேரும்! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி அந்த ஒன்பதைப் பிடித்தேன்.

ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் மாட்டினேன். பழைய புடவையை ஃபேன் கொக்கியில் கட்டி சைக்கிளைத் தொங்கவிட்டு வேலை செய்தேன். கடைசியில் செயின். புதுச் செயின் நீளமாக வரும், நம் வண்டிக்குத் தகுந்தபடி வெட்டிக்கொள்ள வேண்டும். நான் கழற்றிப் போட்டிருந்த பழைய செயினைத் தரையில் நேராக நீட்டி, பக்கத்தில் புதுசை வைத்து, கண்ணிக்குக் கண்ணி பொருத்திப் பார்த்து, மீதியை வெட்டினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தையல்காரி கை அது. அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் போட்டு வெட்டுகிற கை.

மிதிக்கிற இடத்தில், முன்னால், பெரிசும் சின்னதுமாக இரண்டு பல்சக்கரம் உண்டு. சின்னதில் செயினைப் போட்டு, பின்னால் பத்து கியரையும் ஓட்டிப் பார்த்தேன். பத்தும் டக் டக்கென்று விழுந்தது. முன்னால் பெரியதற்கு மாற்றுகிற இடது கைப்பிடிதான் தகராறு செய்தது. அழுத்தினால் செயின் வெளியே விழுந்தது. சின்னதிலேயே விடலாம் என்றால், “காலு சும்மா சுத்துதும்மே, வண்டி நகரல” என்று இவர் முகம் சுளித்தார். சரியென்று செயினைக் கையால் எடுத்து முன்னாலிருந்த பெரியதில் வைத்தேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது, பெரியதில் ஓட்டிப் பார்க்கவில்லை.

“இடது கை பக்கமே போகாதீங்க. வலது கை மட்டும்தான். மேடு வந்தா வலது கைய அழுத்திகினே போங்க. பின்னாடி கடைசி பெரிய பல்லு வரைக்கும் போவும். சும்மா வெண்ணை மாதிரி ஏறும்.”

இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். என் வாயால்.

மறுநாள் விடியலில் அவர் கிளம்பினார். கூட வேலை செய்யும் பிளம்பர் கடப்பாக்கத்துக்காரர். மீன் குழம்புச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கே இட்லி, பிறகு ஈசிஆர் கடற்கரைச் சாலையில் தெற்கே கடப்பாக்கம் என்பது திட்டம். திரும்பும்போது வண்டியில் ஏற்றிவிடுவதாக பிளம்பர் சொல்லியிருந்தார். ஏழே முக்காலுக்குப் போன் வந்தது.

“நாஸ்தா ஆச்சும்மே. கடல் காத்து சூப்பரா கீது. இன்னும் கியர் போடவே வேலை வரல, எல்லாம் சமதரை.”

“பாலாத்துப் பாலம் வரும், அங்க வேலை வரும்” என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

எட்டு மணிக்குப் பக்கத்துத் தெரு நர்ஸ் பொண்ணு வந்தது. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து அப்படியே வந்திருந்தது. பட்டுத் துணி ஒன்றையும் பழைய ஜாக்கெட் ஒன்றையும் மிஷின் மேல் வைத்தது. நான் வழக்கம்போல அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

“அக்கா, அக்கா! அப்படியே வெட்டிடாதீங்க. அது கொழந்த பொறக்கறதுக்கு முன்ன தச்சது. இப்ப பாருங்க நான் எப்டி கீறேன்னு. அந்த அளவுல தச்சீங்கன்னா கைய தூக்குனா கிழிஞ்சிடும்.”

கத்தரிக்கோல் என் கையில் நின்றது.

அளவு பழசு. உடம்பு பெருத்துப்போச்சு.

பழைய செயின் இருபத்தைந்து பல்லைச் சுற்றிய செயின். நான் மாட்டியிருப்பது முப்பத்தாறு. மெலிந்த உடம்பின் அளவை வைத்துப் பெருத்த உடம்புக்கு வெட்டியிருக்கிறேன். முன்னால் சின்னதில் ஓட்டிப் பார்த்தபோது தெரியவில்லை, அதில் செயினுக்கு இடம் இருந்தது. அப்புறம் நானே அதைப் பெரியதில் எடுத்து வைத்தேன். பின்னாலும் கடைசிப் பெரிய பல்லுக்குப் போகச் சொன்னேன். முன்னால் பெரிசு, பின்னால் பெரிசு, செயின் குட்டை. அது நாண் மாதிரி இறுகும். டீரெய்லரை முன்னுக்கு இழுத்துப் பிய்க்கும். பிய்ந்தது சக்கரக் கம்பிக்குள் போகும். சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே காட்டியது. அவர் பின்னால் பாண்டிச்சேரி பஸ் வரவில்லை.

போன் அடித்தேன். மணி போயிற்று, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டு ஜிப் இழுத்துவிடுவார். மறுபடி அடித்தேன். ஆறு தடவை.

“இன்னாக்கா, மூஞ்சி இப்டி வெளுத்துப்போச்சி?”

“அவருக்கு அளவு தப்பா வெட்டிட்டேன்.”

“சட்டையா?”

“செயினு.”

பொண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னேன், தாறுமாறாக. கேட்டு முடித்ததும் அது சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டது. “ஹெல்மெட் போட்டுகினு போனாரா?” எமர்ஜென்சி வார்டில் வேலை செய்கிற பொண்ணு கேட்ட கேள்வி. போட்டிருந்தார். ஆனால் வாரைத் தளரவிட்டுத்தான் மாட்டுவார், கழுத்து அரிக்கிறது என்று.

நைட்டிக்கு மேல் துண்டு. அப்படியே ஸ்கூட்டரை எடுத்தேன். வீட்டைப் பூட்டினேனா என்று இன்றைக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு பூட்டியிருக்க வேண்டும்.

திருக்கழுக்குன்றம் வரை வழியெல்லாம் ஒரே கணக்கு. ஏழே முக்காலுக்கு மாமல்லபுரம். பாலாற்றுப் பாலம் அங்கிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். அவர் வேகத்துக்கு ஒன்பது மணி சுமாருக்குப் பாலம். நான் மாமல்லபுரம் சுற்றாமல் திருக்கழுக்குன்றத்திலிருந்து நேராகக் கல்பாக்கம் பக்கம் இறங்கினால் ஒன்பதுக்குள் போகலாம். ரயில்வே கேட் எதுவும் இல்லை, ஆடு மாடு குறுக்கே வரக்கூடாது, பெட்ரோல் இருக்க வேண்டும். பெட்ரோல் முள்ளைப் பார்க்கப் பயந்து பார்க்கவேயில்லை. ஜெபம் சொல்லத் தொடங்கினால் இரண்டாவது வரி வரவில்லை. முதல் வரியையே சொல்லிக்கொண்டு போனேன்.

இன்னொரு பயமும் கூடவே வந்தது. எதிரே ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல் போயிற்று. சத்தமில்லாமல் போனால் நல்லதா கெட்டதா? யாரிடம் கேட்பது?

ஈசிஆரில் ஏறும் இடத்தில் இளநீர் வண்டி நின்றது. அவர் போய்விட்டாரா, இன்னும் வரவில்லையா, எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

“அண்ணாத்த, மஞ்ச சைக்கிள்ல ஒருத்தரு போனாரா?”

“ஞாயித்துக்கெழமன்னா மஞ்சளும் போவும், பச்சையும் போவும். ஆளு எப்டி?”

“குண்டா, மீசை வச்சி.”

“எளநி குடிச்சிட்டு, வழுக்கை வேணாம் சக்கரைன்னாரே, அவரா?” அவர் இன்னொரு காயைச் சீவிக்கொண்டே பேசினார். “எம் பொண்டாட்டி செஞ்ச கியருன்னு எனக்குக் காட்டினாரும்மா. வெயில்ல நிக்க வெச்சி, இது அந்த வண்டி சாமான், அது இந்த வண்டி சாமான்னு ஒரே பேஜாரு. எனக்கு இன்னா புரியும்?”

“எப்போ?”

“இப்பதாம்மா. அவரு குடிச்ச மட்ட கூட காயல, பாரு.”

தெற்கே திரும்பினேன். தண்ணீர் ஊறிய அந்த மட்டை கண்ணுக்குள்ளேயே இருந்தது.

பாலம் ஏறத் தொடங்கும் இடத்தில் மஞ்சள் தெரிந்தது. முதுகைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகு இரண்டு பக்கமும் ஆட, மெதுவாக, நடக்கிற வேகத்தில், ஆனால் இறங்காமல். ஆக்சிலேட்டரை முறுக்கி அவருக்கு வலது பக்கமாகப் போனேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கடல் காற்று முகத்தில் அறைந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“கியரை மாத்தாத!”

தமிழில் ‘கூடாது’ என்பது சொல்லின் வாலில்தான் இருக்கிறது. காற்று அந்த வாலைத் தின்றுவிட்டது. அவர் திரும்பினார், என்னைப் பார்த்தார், ஆச்சரியத்தில் வாயெல்லாம் பல்லானார். அவர் காதில் விழுந்தது ‘மாத்து’.

வலது கை கைப்பிடியை உள்ளுக்கு நீளமாக அழுத்தியதைப் பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு கிளிக், இன்னொன்று. செயின் கொஞ்சம் முனகியது. மூன்றாவது கிளிக்கில் இரும்பு முறிகிற சத்தம். சைக்கிள் சுவரில் மோதினாற்போல் நின்றது. அவர் நிற்கவில்லை. உடம்பு வலது பக்கமாக, ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்தது.

அங்கே நான் இருந்தேன். இரண்டு காலையும் ஊன்றினேன். தொண்ணூறு கிலோவும் என் தோளில் விழுந்தது. ஸ்கூட்டர் சரிந்து என் முழங்காலை நசுக்கியது. நான் கீழே போகவில்லை, எப்படி என்று தெரியாது. பஸ் என் முதுகுத் துண்டை இழுக்கிற காற்றோடு உரசிப் போயிற்று. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். “சாவறதுக்கு எங்க பஸ்ஸுதான் கெடச்சிதா?”

அந்தச் சத்தம் பாலத்தின் மறுமுனைக்குப் போகும்வரை நாங்கள் பிரியவில்லை. அவர் வியர்வையும் என் வியர்வையும் ஒன்றாய் இருந்தது. ஹெல்மெட் அவர் காதில் தொங்கியது.

பிறகு அவர் குனிந்து சைக்கிளைப் பார்த்தார். டீரெய்லர் கம்பிகளுக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவர் முகம் குழந்தை மாதிரி ஆனது.

“ஒடச்சிட்டேம்மே. கடைசில இருந்து நாலாவதுலயே நல்லா ஏறிகினு இருந்தேன். நீ கத்தனியேன்னு மொத்தமா அழுத்திட்டேன். நெதானமா போட்டிருக்கணும். மூணு மாசமா நீ பண்ணது. மன்னிச்சிக்கோ.”

அப்படியே விட்டிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் விட்டுவிடத்தான் நினைத்தேன். மேலும் ஒன்று நெஞ்சைக் குடைந்தது. நாலாவதிலேயே ஏறிக்கொண்டிருந்தார் என்றால், நான் வராமல் இருந்திருந்தால் பாலம் தாண்டியிருப்பார். நான் வந்ததால்தான் அழுத்தினார். ஆனால் அடுத்த மேட்டில் அழுத்தியிருப்பாரே, பக்கத்தில் நான் இல்லாமல்?

“நீங்க ஒடைக்கல. செயின நான்தான் குட்டையா வெட்டிட்டேன்.”

“இன்னா?”

“பழைய செயின வச்சி அளவு எடுத்தேன். ஆறு கண்ணி கம்மி. கடைசி பல்லுக்குப் போனா இப்டித்தான் ஆவும். காலைல தான் புரிஞ்சிது. போன் அடிச்சேன். அத சொல்லத்தான் வந்தேன்.”

அவர் என் நைட்டியைப் பார்த்தார், செருப்பு இல்லாத என் ஒரு காலைப் பார்த்தார். எந்த இடத்தில் அது கழன்று விழுந்தது என்று எனக்கும் தெரியவில்லை. பஸ் போன திக்கைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

“அப்ப அங்கருந்து இங்க வரைக்கும்,” என்றார் மெதுவாக, “நான் எப்ப அழுத்தியிருந்தாலும்...”

“ஆமா.”

“மாமல்லபுரத்துல ஒருவாட்டி அழுத்தலாமான்னு பாத்தேம்மே. பின்னாடி டூரிஸ்ட்டு வண்டி வந்துகினு இருந்துது. சரி, பாலத்துல பாத்துக்கலாம்னு வுட்டேன்.”

பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சைக்கிளில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவரால் மூடியைத் திருகித் திறக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

ஏறுங்கள், ஸ்கூட்டரில் போய்விடலாம் என்றேன். தலையை ஆட்டினார். நானும் வற்புறுத்தவில்லை. ஓட்டுகிற நிலையில் நான் இல்லை. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார், நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டேன். வந்த வழியே இறங்கினோம். இருநூறு அடி தூரம் இருந்தால் அதிகம். ஒவ்வொரு பஸ் வந்தபோதும் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அது போன பிறகும், போய்விட்டது என்று தெரிந்த பிறகும், யார் முதலில் காலை எடுத்து வைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.